எட்டு பிட்டுக்குள் ஒரு வாவி

"அறுபத்துநான்கு பிட் போதும், நம்முடைய பேரப்பிள்ளைகளுக்கும் போதும்" என்று நான் ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டிருந்தபோது மேசையில் கிடந்த என் கைத்தொலைபேசி மூன்றாவது தடவையாக அதிர்ந்தது. மூன்றாவது தடவையும் நான் அதை வெட்டிவிட்டேன்.

மார்கழி மாதம், காலை பத்தரை மணி. மட்டக்களப்பு நகரத்தில் நான் கணினி படிப்பிக்கும் பயிற்சி நிலையத்தின் மண்டபம். மழை மூன்று நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஆனாலும் அறுபது பேர் வந்திருந்தார்கள். எதிர்கால இயங்குதளங்களுக்கு இன்னும் அகலமான செயலிகள், நூற்றிருபத்தெட்டு பிட் செயலிகள், தேவையா என்பது உரையின் தலைப்பு. தலைப்பைத் தெரிவு செய்தவளும் நான், பேச முன்வந்தவளும் நான். யாரும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேடையில் ஏற்றவில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அது இன்னும் நீண்டிருந்தது. முப்பத்திரண்டு பிட் செயலிக்கு நாலு ஜிபிக்கு மேல் நினைவகத்தை நேராக எண்ணத் தெரியாது, அதனால்தான் உலகம் அறுபத்துநான்குக்குப் போனது என்று சொன்னேன். அறுபத்துநான்கு பிட்டில் எண்ணக்கூடிய தொகை பதினெட்டுக்குப் பின்னால் பதினெட்டுப் பூச்சியம். அதைத் திரையில் ஒரு முழு வரியாகப் போட்டுக் காட்டினேன். "இவ்வளவு நினைவகத்தையும் வாங்கி வைக்க இந்த நகரத்தில் இடம் இருக்கா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். முகவரியின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் ஒவ்வொரு முகவரியும் இரண்டு மடங்கு இடத்தைப் பிடிக்கும், வேலை ஒன்றும் வேகமாகாது, அளவில்லாத சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டு திரிவதுதான் மிச்சம் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நாலாவது தடவை அதிர்ந்தபோது திரையைப் பார்த்தேன். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வயல் செய்யும் ஒரு கமக்கார அக்கா. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மேடையின் ஓரத்துக்குப் போய் எடுத்தேன்.

"மிஸ், உங்கட போன் என்ன நிறம் காட்டுது?"

"பச்சை. ஏன் அக்கா?"

"எனக்கும் பச்சைதான் காட்டுது. நான் இப்ப இடுப்பளவு தண்ணிக்குள்ள நிண்டுதான் கதைக்கிறன்."

எனக்கு விளங்கவில்லை. "எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"என்ர வயலுக்குள்ள. எங்கட வட்டை முழுக்க வெள்ளம் மிஸ். வரம்பு ஒண்டும் தெரியல்ல."

அந்தப் பச்சை நான் உண்டாக்கிய பச்சை. அதைச் சொல்லாமல் மேலே சொல்ல முடியாது.

அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் அந்த அக்கா எங்கள் நிலையத்துக்கு ஒரு குறுகிய கால வகுப்புக்கு வந்தார். கணவர் கட்டாரில். மூன்று ஏக்கர் வயலை அக்காவே செய்வித்தார். அவருடைய வட்டைக்கு, அதாவது அந்த வயல்வெளி முழுவதற்கும், உள்ள கமக்காரர் சங்கத்தில் அவர்தான் செயலாளர். அந்தச் சங்கத்தில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் செயலாளராக இருந்ததில்லை. இதை அவர் சொல்லவில்லை, கூட வந்த பெண்கள் சொன்னார்கள். வகுப்பு முடிந்த கடைசி நாள் என்னிடம் வந்து, "மிஸ், வாவியில எவ்வளவு தண்ணி நிக்குதெண்டு போனில பாக்க ஏலுமா?" என்று கேட்டார்.

அவர் ஏன் கேட்டார் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மாரியில் வாவி நிரம்பினால் தண்ணீர் கடலுக்குப் போகவேண்டும். முகத்துவாரத்தில் கடல் குவித்து வைத்திருக்கும் மணல் திட்டை வெட்டிவிட்டால்தான் போகும். எப்போது வெட்டுவது என்பதில்தான் வருடா வருடம் இழுபறி. வயல்காரருக்கு இன்றைக்கே வெட்டவேண்டும், இல்லாவிட்டால் வயலில் நிற்கும் வேளாண்மை தண்ணீருக்குள் தாழ்ந்துவிடும். மீன்காரருக்கு நாலு நாள் பொறுக்கவேண்டும், வெட்டினால் இறால் எல்லாம் கடலோடு போய்விடும். இரண்டு பக்கமும் அதிகாரிகளின் வாசலில் நிற்கும். இவர்கள் தண்ணீர் கழுத்தளவு என்பார்கள், அவர்கள் முழங்காலளவு என்பார்கள். ஒரு சரியான எண் இருந்தால் சண்டை பாதியாகக் குறையும் என்று அக்கா நினைத்தார்.

எனக்கும் அது பிடித்தது. என் தம்பியின் பட்டறையில் இரும்புக் குழாய் ஒன்றை வெட்டி ஒட்டி, வாவிக்குள் கம்பமாக நட்டோம். போர்த்துக்கேயர் வழிவந்த எங்கள் பறங்கிக் குடும்பங்களில் இரும்பு வேலையில் யாரும் பிழை பிடிக்க முடியாது, அந்தக் கம்பம் இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. அடியில் ஒரு உணரி, தலையில் ஒரு சின்னக் கணினிப் பலகை, வெயிலில் மின் ஏற்றும் தகடு. தண்ணீர் எத்தனை சென்ரிமீற்றர் என்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வானொலி அலையில் அனுப்பும். எங்கள் கைத்தொலைபேசியில் எண்ணும் நிறமும் விழும். நூறு வரை பச்சை. அதற்கு மேல் மஞ்சள். நூற்றறுபதில் சிவப்பு. சிவப்பு வந்தால் வெட்டித்தான் ஆகவேண்டும் என்று இரண்டு பக்கத்தாரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த ஒப்பந்தத்தை வாங்க அக்கா எத்தனை வாசல் ஏறி இறங்கினார் என்பது எனக்குத் தெரியும்.

அந்த எண்ணை அனுப்ப நான் எட்டு பிட் ஒதுக்கினேன். எட்டு பிட்டில் இருநூற்றைம்பத்தைந்து வரை எழுதலாம். மிகப் பெரிய வெள்ளத்திலும் அந்த இடத்தில் தண்ணீர் இருநூறைத் தொட்டதில்லை என்று ஊரவர்கள் கம்பத்தில் கை வைத்துக் காட்டியிருந்தார்கள். பிறகு எதற்கு அதிகம்? அனுப்பும் ஒவ்வொரு பிட்டுக்கும் மின்கலம் செலவாகும். "சிக்கனம் என்றால் இது" என்று மாணவர்களுக்கு அதை உதாரணமாகக்கூடக் காட்டினேன்.

அது வரைக்கும் எல்லாம் சரி.

வெள்ளத்துக்கு முந்திய வருடம் புரட்டாதியில் ஒரு மீன்கார அண்ணன் என்னைத் தேடி வந்தார். கையில் கிழிந்த வலை. கோபமாக வரவில்லை, அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

"மிஸ், நீங்க கம்பம் நட்டிருக்கிற இடம் எங்கட வலைப்பாடு. எங்கட வாப்பாவும் அதிலதான் இறால் வலை கட்டினவர். கம்பி வலையக் கிழிக்கிது. கொஞ்சம் அங்கால தள்ளி நடுவீங்களா?"

வாவியில் இன்ன குடும்பத்துக்கு இன்ன இடம் என்பது தாளில் இருக்காது, ஆனால் யாரும் மீறமாட்டார்கள். நான் மீறியிருந்தேன். அந்த வாரமே அவருடைய தோணியிலேயே போய், கம்பத்தைப் பிடுங்கி நீரோட்டத்துப் பக்கமாகத் தள்ளி நட்டோம். அங்கே ஆழம் ஒரு மீற்றர் அதிகம். எண் மாறினால் மஞ்சள், சிவப்பு எல்லாம் குழம்பும். அதனால் வரும் எண்ணிலிருந்து நூறைக் கழித்துவிட்டுக் காட்டும்படி கைத்தொலைபேசி நிரலில் ஒரு வரி சேர்த்தேன். கழித்து மறை எண் வந்தால் பூச்சியம் என்று காட்டச் சொன்னேன். கோடையில் மறை எண்ணைப் பார்த்து யாரும் மிரளக்கூடாதே. அண்ணன் எனக்கு ஒரு பை நிறைய இறால் தந்து அனுப்பினார். வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

இப்போது மண்டபத்துக்கு வருகிறேன். அக்காவின் குரல் காதில் இருக்கிறது. எனக்கு முன்னால் திரையில் பதினெட்டும் அதன் பின்னால் பதினெட்டுப் பூச்சியங்களும். அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது.

கம்பம் இப்போது முந்திய இடத்தைவிட ஒரு மீற்றர் கூடுதல் ஆழத்தில் நிற்கிறது. ஊரார் கணக்கில் நூற்றைம்பத்தைந்து வரும்போது கம்பத்தின் கணக்கில் இருநூற்றைம்பத்தைந்து. எட்டு பிட் நிரம்பிவிட்டது. அடுத்த சென்ரிமீற்றருக்கு அது எங்கே போகும்? பழைய மோட்டார் சைக்கிளின் கிலோமீற்றர் மானி ஒன்பதுகள் முடிந்ததும் பூச்சியத்துக்கு விழுவதுபோல விழும். விழுந்தது. நூறைக் கழித்தது. பூச்சியம் என்று காட்டியது. பூச்சியம் என்றால் பச்சை.

சிவப்பு நூற்றறுபதில். என் பெட்டியோ நூற்றைம்பத்தைந்தில் முடிகிறது. இடம் மாற்றிய நாளிலிருந்து அந்தக் கம்பத்தால் சிவப்புக் காட்டவே முடியாது. வாவி முழுக்கக் கரை தாண்டி ஊருக்குள் வந்தாலும் முடியாது. ஒரு வருடத்துக்கு மேலாக அப்படி ஒன்றை நான் தண்ணீரில் நட்டுவைத்துவிட்டு, அதை நம்பும்படி ஒரு ஊருக்கே சொல்லியிருக்கிறேன்.

கம்பத்தின் பலகையில் இருந்தது முப்பத்திரண்டு பிட் செயலி. என் கைத்தொலைபேசியில் அறுபத்துநான்கு. இரண்டுக்கும் நடுவில் எட்டு பிட் அகலத்தில் ஒரு வாசலைக் கட்டியவள் நான். செயலி எவ்வளவு அகலமாக வேண்டும் என்று ஒரு மணித்தியாலம் பேசியவளும் நான். உரையை எப்படி முடித்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கை தட்டினார்கள், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அன்று காலை படுவான்கரையில் நடந்ததைப் பிறகுதான் துண்டு துண்டாகக் கேட்டறிந்தேன். முதல் நாள் மாலை மஞ்சள். அதிகாரிகள் மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தை முகத்துவாரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள், காலை சங்கம் கேட்டால் வெட்டுவதென்று ஏற்பாடு. விடிய ஆறு மணிக்கு அக்கா கைத்தொலைபேசியைப் பார்க்கிறார். பச்சை. வேறு ஊரில் என்றால் கம்பத்தில் பழுது என்று நினைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி நினைக்கமாட்டார்கள். ஏனென்றால் முகத்துவாரம் சில வருடங்களில் தன்பாட்டில் உடைத்துக்கொண்டு போகும், வெட்டாமலே. தண்ணீர் அப்படியே கடலுக்கு இறங்கிவிடும். வயல்காரர் எல்லோரும் அதற்காக நேர்த்தி வைப்பார்கள். பச்சையைப் பார்த்ததும் அக்காவுக்கு அதுதான் மனதில் வந்தது. நானும் அன்று காலை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு, தானாக உடைத்துவிட்டது போல என்று நினைத்தேன். கம்பத்தை நட்ட நானே அப்படி நினைத்தால் அவரைச் சொல்லி என்ன.

அவர் சங்கத்து ஆட்களுக்கு அறிவித்தார். அதிகாரிகளுக்கும் எடுத்துச் சொன்னார்: "தண்ணி இறங்கிட்டு, இண்டைக்கு வெட்டத் தேவல்ல." அவர்களும் நல்லதென்று பெக்கோவைத் தெற்கே வேறொரு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மழைக்குள் முகத்துவாரம் வரை போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒன்பதரைக்கு யாரோ மாடு தேடிப் போன இடத்தில் வயலைக் கண்டு கத்தியிருக்கிறார். பெக்கோ திரும்பி வர அடுத்த நாள் மத்தியானமாகிவிட்டது. வேளாண்மை குடலைப் பருவம், கதிர் உள்ளே திரண்டு வெளியே வரும் நேரம். அந்தப் பருவத்தில் நாலு நாள் தண்ணீருக்குள் கிடந்தால் பயிர் எழும்பாது. எழும்பவில்லை. அக்காவின் மூன்று ஏக்கரும் வட்டையின் பள்ளத்தில் இருந்தது, அதில் ஒரு பிடி நெல்லும் மிஞ்சவில்லை.

நிரலைத் திருத்தினேன். எட்டு பிட்டைப் பதினாறாக்கினேன். ஒரு வரி, நான்கு நிமிடம். இப்போது அந்தக் கம்பம் அறுநூறு மீற்றருக்கு மேல் உயரமான வெள்ளத்தையும் சொல்லும். மின்கலத்துக்கு அதனால் ஒரு குறைவும் வரவில்லை.

ஒரு கிழமை கழித்துச் சங்கத்துக் கூட்டம், பிற்பகல் மூன்று மணிக்கு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் நிலையத்து அதிபரும் மரியாதைக்காகக் கூட வந்தார், அவருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. கட்டடத்துக்குள் அழுகிய நெற்பயிரின் மணம் காற்றில் வந்துகொண்டேயிருந்தது. எண்பது பேர் இருப்பார்கள். அக்கா முன்வரிசையில், மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு, தலையைக் குனியாமல் இருந்தார்.

"உன்ர வாயாலதானே பிள்ள வெட்ட வேணாம் எண்டு போச்சு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஓம். நான்தான் சொன்னன்" என்றார் அக்கா.

"பொம்புளக்கிட்ட பொறுப்பக் குடுத்தா இதுதான்" என்று இன்னொரு குரல். யாரும் அதை அடக்கவில்லை.

சங்கத் தலைவர் என் பக்கம் திரும்பினார். நேர்மையான மனிதர், நேராகவே கேட்டார். "மிஸ், நீங்க படிச்ச ஆள். ஒரு சொல்லில சொல்லுங்க. மிஷின் பிழையா அளந்ததா?"

நான் எல்லாம் சொல்லத்தான் வந்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது வசனங்களைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். எழுந்து நின்றேன். எண்பது முகங்களும் என்னைப் பார்த்தன. பக்கத்தில் அதிபர். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இல்ல. மிஷின் சரியாத்தான் அளந்தது."

அது பொய் இல்லை. உணரி இருநூற்றெழுபது என்றால் இருநூற்றெழுபதுதான் அளந்தது. அளந்ததை வைக்க நான் கொடுத்த இடம் போதாமல்தான் போனது. அந்த ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு, ஒரு மெய்யை வைத்து ஒரு ஆளை விழுத்தினேன். இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. நான் கோபக்காரி, பெருமைக்காரி என்று எனக்குத் தெரியும். கோழை என்று அன்று மூன்றரை மணி வரைக்கும் தெரியாது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அரை மணித்தியாலத்துக்குள் அவரைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டு வேறொருவரைப் போட்டார்கள். பின்னால் நான் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வைத்துத் தலைவரிடம் கொடுத்தேன், அவர் அதைச் சங்கத்தில் வாசித்தும் காட்டினார். இரண்டு மூன்று பேர் அக்காவின் வீட்டுக்குப் போய்க் குறை நினைக்க வேண்டாம் என்று சொன்னார்களாம். பதவியைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

ஆனால் அந்தக் கடிதத்தை எழுத முன், கூட்டத்துக்கு அடுத்த நாள் காலையில், நான் அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் விதைநெல் மூடைகளைப் பிரித்துச் சாக்கில் பரப்பிக்கொண்டிருந்தார். நனைந்த நெல். என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணீர் வைக்கப் போனார். வேண்டாம் என்று சொல்லி, நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். எட்டு பிட், இருநூற்றைம்பத்தைந்து, கம்பத்தை இடம் மாற்றியது, நூறைக் கழித்தது. சொல்லச் சொல்ல என் குரல் வகுப்பில் படிப்பிக்கும் குரலாக மாறிக்கொண்டு போனது. அது எனக்கே கேட்டது.

அக்கா நடுவில் உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். அதிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து விரித்து என் கையில் தந்தார். அன்று வந்த எண்கள் முழுவதையும் கைத்தொலைபேசியிலிருந்து பார்த்து நேரத்தோடு எழுதியிருந்தார். 149. 151. 153. 155. அதற்குக் கீழே 0. பிறகு எல்லாம் 0. முதல் பூச்சியத்தைச் சிவப்புப் பேனையால் வளைத்திருந்தார். பக்கத்தில், கம்பத்தை இடம் மாற்றிய ஆழம் நூறு என்று எழுதி, நூற்றைம்பத்தைந்தோடு கூட்டி, 255 என்று போட்டு அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார். 255க்குப் பிறகு என்ன வரும் என்று நான்தான் அந்தக் குறுகிய கால வகுப்பில் அவருக்குப் படிப்பித்தவள்.

"ஒரு மணித்தியாலத்தில வாவி வத்துமா மிஸ்? வெள்ளத்துக்கு அடுத்த நாளே எனக்கு விளங்கிற்று."

"இதைக் கூட்டத்துக்குக் கொண்டு வந்திருக்கலாமே அக்கா."

"கொண்டு வந்தன். மடியிலதான் வெச்சிருந்தன்."

"பிறகு ஏன் காட்டல்ல?"

அவர் குனிந்து நனைந்த நெல்லைக் கையால் கிளறி விட்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க எழும்பி நிண்டீங்களே மிஸ். நீங்களே சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்."